இருப்பு: மூன்றாம் பதிப்பு

தார்த்துவில் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
எமயோகி ஆறு ஓரங்களில் மட்டும் உறைந்து
நடுவில் கறுப்பாக ஓடுகிறது.
ஐந்தாம் மாடியில் விர்வே
ஒரு கருவிக்கு விளக்கம் எழுதுகிறாள்.

சின்னக் கருவி.
முகவரியைக் கொடுத்தால்
அந்த வாலட்டில் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்லும்.
எடுக்காது, அனுப்பாது, சாவி கேட்காது.
மூடிய சன்னலுக்கு வெளியே நின்று
மேசைமேல் இருப்பதை எண்ணிச் சொல்லும்
பக்கத்து வீட்டுக்காரனைப் போல,
என்று எழுதினாள். உடனே அழித்தாள்.
படிக்கப்போகிறவற்றுக்குப் பக்கத்து வீடு கிடையாது.

படிக்கப்போவது ஏஜென்ட்டுகள்.
யாரோ சொன்னதை யாருக்காகவோ செய்து முடிப்பவை.
கொட்டாவி விடாது, வரி தாண்டாது,
எழுதாமல் விட்ட இடத்தை மட்டும்
தானே நிரப்பிக்கொள்ளும்.
"அங்கேதான் எனக்குப் பயம்" என்றான் தாவெத்,
கருவியைச் செய்தவன்,
அலுவலகத்தில் காலுறையோடு நடமாடுகிறவன்.

முதல் பதிப்பில் நான்கே வரி.
முகவரி: கட்டாயம்.
சங்கிலி: சொல்லாவிட்டால் முதன்மைச் சங்கிலி.
அலகு: ஒரு நாணயத்தைப் பதினெட்டு இலக்கத்துக்கு நறுக்கிய தூசி.
திரும்பி வருவது: இருப்பு.

அந்த நான்கு வரியை நம்பி
சாரெமா தீவின் படகுப் பட்டறையில்
ஒரு ஏஜென்ட் வாரக்கூலி பட்டுவாடா செய்துகொண்டிருந்தது.
நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை
சங்கிலியின் கணு பதில் பேசவில்லை.
கருவி வெறுங்கையோடு திரும்பியது.
ஏஜென்ட் அதைப் பூஜ்யம் என்று படித்தது.
எட்டுப் பேருக்கும் மிக மரியாதையாக எழுதியது:
இந்த வாரம் நிதி இல்லை.

ஊர்மஸ் அப்போது குய்வஸ்து துறைமுகத்தில்,
படகுக்கான வரிசையில், நான்காவது கார்.
அக்கரையில் யாரோ விற்கும் பழைய சைக்கிளுக்குப்
பேசி முடித்திருந்தான். மகளுக்கு ஒன்பது வயது.
செய்தியைப் படித்தான்.
வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இருபது நிமிடத்தில் கணு விழித்தது.
பணம் இருந்தது.
இருந்தபடியே இருந்தது, ஒரு தூசிகூடக் குறையாமல்.
சைக்கிள்தான் வேறு யாருக்கோ போய்விட்டது.

அவன் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் இவ்வளவுதான்:
"பணம் இருந்ததா இல்லையா என்பது என் கேள்வியில்லை.
பார்த்தீர்களா?"

விர்வே அதை அச்செடுத்து
காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினாள்.
தாவெத் இரண்டு நாள் டீ குடித்தான்.

இரண்டாம் பதிப்பு பிறந்தது.
பூஜ்யம் ஒரு பதில்.
வெறுமை பதில் அல்ல.
பார்க்க முடியாதபோது பார்க்க முடியவில்லை என்று சொல்,
இல்லை என்று சொல்லாதே.
"இதென்ன, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமா?" என்றான் தாவெத்.
கணுவின் கம்பியைப் பிடுங்கிவிட்டு
ஒரு ஏஜென்ட்டிடம் கேட்டுப்பார் என்றாள்.
பிடுங்கினான். கேட்டான்.
திரையில் வந்தது:
இருப்பு தெரியவில்லை. சற்றுக் கழித்து மீண்டும் பார்க்கிறேன்.
அவன் கம்பியைச் செருக மறந்து நின்றான்.

கதை அங்கே முடிந்திருக்கலாம்.
ஆனால் விளக்கத்துக்கு ஒரு மாதிரி முகவரி வேண்டும் அல்லவா?
சாவியே இல்லாத ஒன்றைப் புனைந்து வைத்திருந்தாள்,
கீழே: இருப்பு, பூஜ்யம்.
ஜனவரியில் யாரோ, அல்லது எதுவோ,
மாதிரியை மெய்யென்று நம்பி
அதற்குப் பணம் அனுப்பத் தொடங்கியது.
இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம்.
யாராலும் எடுக்க முடியாத உண்டியல்.
அவளே எழுதிய பக்கம்
அவளைப் பொய்யாக்கிவிட்டது.

சிவப்பு எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்:
இது எடுத்துக்காட்டு. இங்கே அனுப்பாதே.
பிறகு பூஜ்யத்தை அழித்து
புதிய எண்ணை இலக்கம் இலக்கமாகத் தட்டினாள்,
பக்கத்தில் அடைப்பில்லாமல், அடிக்குறிப்பில்லாமல்:
இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு
பார்த்தேன்.